இத்தா வீட்டில் ஓர் ஆம்புளைப் பூனை

எங்க ராத்தா ஜெஸீமாவைப் பத்தி ஊருல ஆயிரம் பேச்சு இருக்கு. அடங்காப்பிடாரி, வாய்க்காரி, புருஷனைப் பின்னால உக்கார வச்சு ஸ்கூட்டி ஓட்டினவ. நான் எதையும் மறுக்கல. ஆனா அந்தப் பூனைக் கதையை மட்டும் ஆளாளுக்குத் திரிச்சுப் பேசுறாங்க பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல. போன மாசம் யட்டவத்தச் சந்தையில ஒருத்தி என் காதுபடச் சொல்றா: "ஜெஸீமாவுக்குப் புருஷன் மௌத்தானதும் மூளை கலங்கிப் போச்சாம், ஒரு பூனைக்காக மதினியோட மல்லுக்கு நின்னாளாம்." கையில இருந்த கீரைக்கட்டை அவ மூஞ்சியில எறியாம வீடு வந்து சேர்ந்தது அல்லாஹ்ட ரஹ்மத். நான் அவ தங்கச்சி றுஸைனா. அந்த நாள் பூரா அந்த வீட்டுக்குள்ள நின்னவ. அதனால நானே சொல்றேன், கேளுங்க.

ராத்தாவுக்கு இப்ப ஐம்பத்து மூணு வயசு. மாத்தளை டவுன்ல இருந்து இரத்தோட்டைக்குப் போற ரோட்டோரமா வீடு. எங்க வாப்பா அவ பேருக்கு எழுதிக் குடுத்த வீடு, அதை ஞாபகம் வச்சுக்கங்க. முன் அறையில தையல் மெஷின். ஸ்கூல் புள்ளைகளோட வெள்ளை உடுப்புத் தைக்கிறதுதான் தொழில். அவ புருஷன், எங்க மச்சான் ஸெய்னுலாப்தீன், மிளகும் கராம்பும் வாங்கி விக்கிற ஆள். தங்கமான மனுஷன், பக்கத்துல இருந்து பேசினாலும் காதைக் குடுத்துத்தான் கேக்கணும், அவ்வளவு மெதுவான குரல். புள்ளை இல்ல. அதுக்கும் ஊரு பேசிச்சு, ரெண்டு பேரும் கேக்காத மாதிரி இருந்துட்டாங்க.

மச்சானுக்குச் சீனி வருத்தம் கூடிக் கண்ணு மங்கினப்ப, தோட்டப் பக்கம் போய்ச் சரக்கு எடுக்க முடியாமப் போச்சு. ராத்தா என்ன செஞ்சா தெரியுமா? நாற்பத்தெட்டு வயசில ஸ்கூட்டி பழகினா. ரெண்டு தரம் விழுந்து முட்டிக்கால் பேந்திச்சு. பிறகு முன்னால ராத்தா, பின்னால மச்சான், நடுவில மிளகுச் சாக்கு. சந்தியில நின்ன பெரிய மனுஷன் ஒருத்தர், "என்ன ஸெய்னுலாப்தீன், பொஞ்சாதி ஓட்ட நீங்க பின்னாலயா?"ன்னு பல்லைக் காட்டினார். மச்சான் பாவம், சிரிச்சார். ராத்தா ஸ்கூட்டியை நிப்பாட்டி, "இவர் ஓட்டினா உங்க மேலதான் ஏத்துவார், பரவாயில்லையா?"ன்னா. அந்த மனுஷன் அதுக்குப் பிறகு இவங்க வர்றதைக் கண்டாலே கடைக்குள்ள போயிடுவார்.

அப்படிப் போன ஒரு நாள்தான் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில இருந்து செம்மஞ்சள் குட்டி ஒண்ணு வந்து சேர்ந்திச்சு. உள்ளங்கை அளவு. கராம்புச் சாக்கு மேல ஏறிப் படுத்துக்கிட்டு இறங்கவே மாட்டேன்னிச்சு. "இவரு பெரிய சுல்தான், சிம்மாசனம் கிடைச்சிட்டுது"ன்னு மச்சான் சொன்னார். அன்னிக்கே பேரு நிலைச்சுப் போச்சு, சுல்தான்.

ஒரு வருஷம்கூட ஆகல, மச்சான் போயிட்டார். விடியச் சுபஹுத் தொழுதுட்டுத் தேத்தண்ணி குடிச்சவர், கோப்பையை மேசையில வச்ச கையோட சாய்ஞ்சிட்டார். ராத்தா சத்தம் போட்டு அழல. ஆனா அந்தக் கோப்பையைக் கழுவ என்னை விடவே இல்ல, ரெண்டு நாளா அப்படியே இருந்திச்சு.

அப்புறம் இத்தா. எங்க ஆக்கள்ல புருஷன் மௌத்தானா பொஞ்சாதி நாலு மாசம் பத்து நாள் வீட்டோட இருக்கணும். அலங்காரம் கூடாது, வெள்ளை உடுப்பு, அந்நிய ஆம்புளை முன்னால வரக்கூடாது. ராத்தா மனசாரத்தான் அப்படி இருந்தா. "இது நான் அவருக்குக் குடுக்கிற கடைசி மரியாதை, இதுல ஒரு நாள்கூடக் குறைக்க மாட்டேன்"ன்னா. கடை கண்ணிக்குப் போக, சமைக்க, வர்ற சனத்தைப் பார்க்க ஆளு வேணுமே, அதுக்குத்தான் நான் பெட்டியைக் கட்டிக்கிட்டு வந்தேன். என் புருஷன் முனகினார். முனகட்டும்.

மார்க்கம் சொன்னபடி ராத்தா இருந்தா. மார்க்கம் சொல்லாததையெல்லாம் சொல்ல ஒரு ஆளு வந்தாங்க. மச்சானோட மூத்த சகோதரி, மஸீனா மதினி. வெள்ளிக்கிழமை தவறாம தம்பிக்காகக் குர்ஆன்ல யாஸீன் ஓத வருவாங்க, ஓதி முடிச்சதும் வீட்டைச் சுத்திப் பார்ப்பாங்க. முதல் வெள்ளி, கண்ணாடிக்குத் துணி போட்டாங்க. அடுத்த வெள்ளி, டீவிக்குப் படுக்கை விரிப்பு. அதுக்கடுத்து, சுவர்ல தொங்கின சீமெந்துக் கம்பெனிக் கலண்டரைத் திருப்பி வச்சாங்க, அதுல தொப்பி போட்ட மேசன் ஒருத்தன் சிரிச்சுக்கிட்டு நின்னானாம். கலண்டரைத் திருப்பினதுல எனக்குத் திகதியே தெரியாமப் போச்சு. ராத்தாதான் என்னை அடக்கினா. "அவங்களும் தம்பியைப் பறிகுடுத்தவங்க, ஏதாவது செஞ்சுக்கிட்டே இருக்கணும் போல இருக்கும், விடு"ன்னா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மேசனைக் கூட்டி வந்து நடு வீட்டில நிறுத்தியிருப்பேன்.

பிறகு ஒரு வெள்ளி, மதினி ஓதிக்கிட்டு இருக்கையில சுல்தான் உள்ள வந்திச்சு. வாலை நேரா மேல தூக்கி, நுனியை மட்டும் லேசா வளைச்சுக்கிட்டு வந்து, ராத்தாட காலில கன்னத்தைத் தேய்ச்சிச்சு. ஒரு பக்கம், மறு பக்கம், பிறகு முழு உடம்பையும் சேர்த்து ஒரு இழுப்பு. மதினி ஓதுறதை நிப்பாட்டிட்டாங்க.

"இது கடுவன்தானே?"

"அதுக்கென்ன மதினி?" ராத்தா கேட்டா.

"அதுக்கென்னவா? இத்தாவுல இருக்கிற பொம்புளையோட கால்ல ஒரு ஆம்புளை வந்து உரசுது, அதுக்கென்னன்னு கேக்கிறியா? அஸ்தஃபிருல்லாஹ்!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்திச்சு, முந்தானையை வாயில வச்சு அமுக்கினேன். ராத்தா சிரிக்கல. நிதானமாச் சொன்னா: "அது உரசல் இல்ல மதினி. அதோட கன்னத்தில ஒரு வாசம் இருக்கு, நமக்குத் தெரியாது. அதைப் பூசி, இவ நம்ம ஆளுன்னு அடையாளம் வைக்குது. அலுமாரிக் காலிலயும் அப்படித்தான் தேய்க்கும்."

"அலுமாரி இத்தா இருக்கலையே!"

மதினியோட கண்ணில சுல்தான் அன்னியில இருந்து பூனையில்ல, மீசை வச்ச ஒரு ஆம்புளை. மெதுவாக் கண்ணை மூடித் திறந்தா, "பாரு, கண்ணடிக்குது"ம்பாங்க. தான் நம்புற ஆளுக்கு முன்னாலதான் பூனை அப்படிக் கண்ணைச் சொருகும்னு ராத்தா சொன்னா, காதிலயே போட்டுக்க மாட்டாங்க. அடுத்த வாரம் சுல்தான் தையல் மெஷினுக்குக் கீழ படுத்து வாலைப் பட்டுப் பட்டுன்னு தரையில அடிச்சுக்கிட்டு இருந்திச்சு. "வாலாட்டிக் கூப்பிடுது, குணம் திருந்திட்டுது"ன்னு மதினி குனிஞ்சு கையை நீட்டினாங்க. "தொடாதீங்க மதினி, நாய்க்குத்தான் அது சந்தோசம், பூனைக்கு அது எரிச்சல், காதைப் பாருங்க பின்னால போயிட்டுது"ன்னு ராத்தா கத்தினா. யார் கேட்டா! முழங்கை வரைக்கும் மூணு கோடு. தவறு யாருடையது? வேலியில 'உள்ள வராதே'ன்னு எழுதி ஒட்டியிருக்கையில உள்ள போனது யாரு?

"பார்த்தியா, கை ஓங்குது. ஆம்புளைப் புத்தி!"

கோடாலித் தைலம் பூசி விட்டது நான்தான். கொஞ்சம் அழுத்தித்தான் பூசினேன்.

அதோட மதினி தீர்மானிச்சிட்டாங்க, பூனை போகணும். அவங்கட கடைசித் தம்பி ஜிப்ரிக்கு லொரி இருக்கு, லக்கலைக்கு நெல்லு ஏத்தப் போறவர். சாக்கில கட்டிக் கொண்டு போய் யானைக் காட்டு ஓரமா விட்டா திரும்பி வராதாம். அதைச் சொல்லிட்டுப் பழப்புளிச் சாதம் நல்லா இருந்திச்சுன்னும் சொன்னாங்க. மச்சான் பேரு வச்ச சீவன், அவர் போன பிறகு அவர் படுத்த பக்கத்தில வந்து சுருண்டு படுக்கிற ஒரே உசிரு. இத்தாவுல இருக்கிறவ லக்கலைக் காட்டுக்குள்ள போய்த் தேட முடியுமா? கொண்டு போனா போனதுதான்.

நான் சும்மா இருப்பேனா? பள்ளிவாசல் மௌலவியோட மனுசி நஸ்மியாவுக்குப் போன் எடுத்தேன். அவ மௌலவிக்கிட்டக் கேட்டா. பின்னால அந்த மனுஷன் சிரிச்ச சத்தம் எனக்கே கேட்டிச்சு. "பூனைக்கு ஏதுங்க இத்தாச் சட்டம்? சாப்பாடு குடுத்துப் பார்த்துக்கச் சொல்லுங்க, நன்மை"ன்னார். நான் ஓடிப் போய் மதினிக்கிட்டச் சொன்னேன். "அப்படித்தான் இருக்கும். இருந்தாலும் சந்தேகம்னா விலகிக்கிறதுதான் பேணுதல், அது நல்லதுதானே."

பேணுதலாம்! அந்தச் சொல்லைச் சொல்லிட்டா எங்க ஊருல எதையும் தூக்கலாம், யாரையும் அமத்தலாம். ஆகாதுன்னா ஏன்னு கேக்கலாம். பேணுதல்னா கேக்கிறவளே கெட்டவ ஆகிடுவா.

அந்த வாரம்தான் எனக்கு இன்னொரு விஷயம் தெரிய வந்திச்சு. பூனைன்னா எனக்குப் பயம், கிட்டப் போறதில்ல. ஆனா அந்த வீட்டில ராத்தாவோட சேர்ந்து உக்கார்ந்து உக்கார்ந்து நானும் அதைப் பார்க்கப் பழகிட்டேன். சுல்தான் மாறிக்கிட்டு வந்திச்சு. எந்நேரமும் தின்னிச்சு. அலுமாரிக் கதவைச் சுரண்டி உள்ள போய்த் துணியைக் காலால மிதிச்சு மிதிச்சுப் பார்த்திச்சு, பிடிக்கலைன்னு வெளிய வந்து கட்டிலுக்குக் கீழ போய்ப் பார்த்திச்சு. ஒரு நாள் வெயில்ல மல்லாக்கப் படுத்து வயித்தைக் காட்டிச்சு. தொட நான் போகல, அந்தப் பாடம் மதினிட கையில எழுதியிருந்திச்சு. தள்ளி நின்னு பார்த்தேன். வயிறு ரெண்டு பக்கமும் தள்ளியிருக்கு. முலைக்காம்பு ரோசாப்பூ நிறத்தில வரிசையா நிக்குது.

"ராத்தா! இது பொட்டை! வயித்தில குட்டி வேற!"

"மெதுவாப் பேசு. எனக்குத் தெரியும். மச்சானுக்கும் தெரியும். பேரு வச்ச மறு மாசமே தெரியும், கூப்பிட்டுப் பழகின பேரை ஏன் மாத்தணும்னு விட்டுட்டார்." தலையால ஜன்னலுக்கு வெளிய காட்டினா. பின் மதில்ல காது கிழிஞ்ச சாம்பல் கடுவன் ஒண்ணு உக்கார்ந்திருந்திச்சு. "அந்தா இருக்கார் குட்டிகளோட வாப்பா. தினம் நான்தான் சோறு வைக்கிறேன்."

"அப்ப ஒரே சொல்லில முடிஞ்சிச்சே! இப்பவே மதினிக்குப் போன் எடுக்கிறேன்."

ராத்தா என் கையைப் பிடிச்சுக்கிட்டா. அவ்வளவு இறுக்கி அவ பிடிச்சதே இல்ல. "பொட்டைன்னு சொன்னா விட்டுடுவாங்க. அப்ப கடுவனா இருந்திருந்தா தூக்கிக்கிட்டுப் போறது சரின்னு நானே ஒத்துக்கிட்டதா ஆகாதா? கண்ணாடியை மூடினாங்க, விட்டேன். டீவியை மூடினாங்க, விட்டேன். இந்த வீட்டில எந்த உசிரு இருக்கணும்னு அவங்க சொல்றதுக்கு நான் விட மாட்டேன். சொல்லக் கூடாது நீ. என் மேல ஆணை."

எனக்கு அது சுத்தப் பைத்தியக்காரத்தனமாத் தெரிஞ்சிச்சு. ஆனா ஆணை வச்சிட்டாளே.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிஞ்ச கையோட லொரி வந்து நின்னிச்சு. மதினி முன்னால, ஜிப்ரி பின்னால, அவர் கையில நெல்லுச் சாக்கு. சலாம் சொல்லிக்கிட்டே ரெண்டு பேரும் முன் அறைக்குள்ள வந்துட்டாங்க. ராத்தா உள் அறையில, நடுவில திரை. சுல்தான் ராத்தாட மடியில.

"ஜெஸீமா, பூனையை வெளிய விடு. ஜிப்ரி பிடிப்பான்."

திரைக்கு அந்தப் பக்கம் இருந்து ராத்தாட குரல் வந்திச்சு. "மதினி, ஜிப்ரி எனக்கு யாரு?"

"என்ன கேள்வி இது? உன் புருஷன்ட தம்பி."

"அந்நிய ஆம்புளையா இல்லையா?"

மதினி ஜிப்ரி பக்கம் திரும்பினாங்க.

"ஆம்புளைப் பூனை ஆகாதுன்னு சொல்லி, இத்தா வீட்டுக்குள்ள நிஜ ஆம்புளையைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கிறீங்க. இதுவும் பேணுதலா?"

அல்லாஹ்வே, ஜிப்ரிட மூஞ்சியைப் பார்க்கணுமே! செருப்பைத் தேடிக்கிட்டு விறாந்தைக்கு ஓடினவர், விறாந்தையிலயும் நிக்கல, லொரியில ஏறிக் கதவைச் சாத்திக்கிட்டார். சாக்கு மதினிட கையில.

மதினி லேசுப்பட்டவங்க இல்ல. திரையை விலக்கிக்கிட்டு உள்ள போனாங்க. சுல்தான் அவங்களையும் அந்தச் சாக்கையும் கண்டதும் ராத்தாட மடியில இருந்து குதிச்சு மூலைக்குப் போயிட்டுது. உடம்பைத் தரையோட ஒட்டி, காதைத் தலையோட அமத்தி, கண்ணு பூரா கறுப்பாகி, வாயைத் திறந்து சீறிச்சு.

"பாரு, என்ன திமிரா முறைக்குது!"

"திமிர் இல்ல மதினி, பயம். சாகிற பயம். கோவத்தில இருக்கிற பூனை முன்னால வரும். இது சுவருக்குள்ள புகுந்துக்கலாமான்னு பார்க்குது. வழியை விட்டுத் தள்ளி நில்லுங்க." ராத்தா எழும்பி நடுவில நின்னா. வெள்ளைத் துணியில, வத்தின முகத்தோட, அவ ஒரு ஆளா அந்த மூலையையே மறைச்சுக்கிட்டு நின்னா. "இதைச் சாக்கில போடணும்னா முதல்ல என்னைப் போடணும். லொரி பெரிசுதான், இடம் இருக்கும்."

மதினி ஒரு அடி முன்னால வச்சாங்க. சாக்கோட வாயை விரிச்சாங்க. எனக்கு ஆணையும் மறந்து போச்சு, எல்லாம் மறந்து போச்சு.

"அது பொட்டை மதினி! பொட்டை! வயித்தில குட்டி இருக்கு! உங்க கண்ணு என்ன பொட்டையா?"

ராத்தா என்னைப் பார்த்த பார்வையில நான் அப்படியே எரிஞ்சு போகணும். ஆனா வாயால வந்தது வந்துட்டுது. மதினி குனிஞ்சு பார்த்தாங்க. தள்ளின வயித்தைப் பார்த்தாங்க. முகம் முழுக்கச் சிரிப்பு பரவிச்சு. நிஜமாவே சந்தோசப்பட்டாங்க, அதைச் சொல்லணும்.

"யா அல்லாஹ், புள்ளைத்தாச்சியா? முதல்லயே சொல்லியிருக்கலாமே ஜெஸீமா! வீணா ஜிப்ரியை வேற அலைய வச்சிட்டேன். சரி சரி, அப்ப இருக்கட்டும். பொட்டைன்னா பிரச்சினையே இல்ல. நான் சொல்றேன், இருக்கட்டும்."

அப்பாடான்னு நான் கட்டில்ல உக்கார்ந்தேன். பூனை தப்பிச்சிட்டுது. முடிஞ்சு போச்சு.

முடியல. ராத்தா சிரிக்கல.

"இருக்கட்டும்னு சொல்ல உங்களை யாரு கேட்டது, மதினி?"

"என்ன?"

"போகட்டும்னு சொல்லவும் நீங்க யாருமில்ல, இருக்கட்டும்னு சொல்லவும் நீங்க யாருமில்ல. இது என் வீடு. வாங்க என்னோட."

மதினிட கையைப் பிடிச்சுக் குசினிக்குக் கூட்டிக்கிட்டுப் போனா. நானும் பின்னால ஓடினேன். ராத்தா கிண்ணத்தில சோறும் மீனும் போட்டா, பின் கதவை அகலத் திறந்தா. மதில்ல அந்தச் சாம்பல் கடுவன். எங்களைக் கண்டதும் உடம்பு விறைச்சுப் போச்சு, காது ரெண்டும் பக்கவாட்டில திரும்பிச்சு.

"அசையாதீங்க ரெண்டு பேரும்," ராத்தா மெதுவாச் சொன்னா. "சாக்கை ஆட்டாதீங்க மதினி, சத்தம் ஆகாது. அவன் கண்ணை நேராப் பார்க்காதீங்க, பார்த்தா சண்டைக்குக் கூப்பிடுறதா நினைப்பான். தரையைப் பாருங்க."

வாழ்க்கையில யாருக்கும் தலை குனியாத மஸீனா மதினி, கையில நெல்லுச் சாக்கோட, என் ராத்தாட குசினியில, ஒரு கள்ளப் பூனைக்காகத் தரையைப் பார்த்துக்கிட்டு நின்னாங்க. மூச்சுக்கூட மெதுவா விட்டாங்க. ராத்தா பக்கவாட்டில திரும்பிக் கீழ உக்கார்ந்தா. ஒரு தரம் கண்ணை மெதுவா மூடித் திறந்தா.

கடுவன் இறங்கிச்சு. நின்னிச்சு. ரெண்டு அடி வந்திச்சு, மறுபடி நின்னிச்சு. பிறகு வால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறிச்சு. வாசப்படியைத் தாண்டி உள்ள வந்து, முள்ளோட சேர்த்து மீனைக் கடகடன்னு தின்னிச்சு. தின்னு முடிச்சு வாயை நக்கிக்கிட்டே ராத்தாட வெள்ளை உடுப்பில கன்னத்தை வச்சு, ஊருக்கே தெரியட்டும்னு ஒரு தேய்ப்புத் தேய்ச்சிச்சு.

ராத்தா அதோட தலையில விரலை வச்சுக்கிட்டே நிமிர்ந்து மதினியைப் பார்த்தா.

"இவன் கடுவன், மதினி. சந்தேகமே இல்ல. சாக்கு உங்க கையில இருக்கு."

மதினி சாக்கைப் பார்த்தாங்க, கடுவனைப் பார்த்தாங்க, பிறகு என்னைப் பார்த்தாங்க. நான் தரையைப் பார்த்தேன். வெளிய ஜிப்ரி ஹோர்ன் அடிச்சார். மதினி சாக்கை நாலா மடிச்சுக் கக்கத்தில வச்சுக்கிட்டாங்க.

"அடுத்த வெள்ளி வாங்க," ராத்தா சொன்னா. "யாஸீன் ஓதுவோம். வரும்போது இவனுக்கு ரெண்டு கருவாட்டுத் தலை கொண்டு வாங்க."